எதன் மேல் பொருந்துகிறது இந்தப் பேட்ச்?

லினக்ஸ் கெர்னலில் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு வகை, தலைப்பிலேயே 'ஃபெயில்டு' என்ற சொல்லோடு வந்து இறங்கும். இன்ன பேட்ச் 6.1 ஸ்டேபிள் மரத்தில் பொருந்தவில்லை, வேண்டுமென்றால் அந்தக் கிளைக்கு ஏற்ப மாற்றி அனுப்புங்கள் என்று இரண்டு மூன்று வரி. கீழே, அந்தத் தோல்வியை அவரவர் கணினியிலேயே செய்து பார்க்கத் தேவையான கட்டளைகள். ஸ்டேபிள் பதிப்புகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பெயரில்தான் பெரும்பாலும் இது வரும். அதே பேட்ச் லினஸ் டோர்வால்ட்ஸின் பிரதான மரத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டிருக்கும், அங்கே சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டும் இருக்கும்.

ஆக, ஒரு பேட்ச் 'சுத்தமாகப் பொருந்துகிறது' என்பது அந்தப் பேட்ச்சின் குணம் மட்டும் அன்று. எந்த மரத்தில், எந்த நேரத்தில் என்பதும் சேர்ந்ததுதான் அந்த வாக்கியம். கமிட் செய்யும் முன் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரே ஒரு கட்டளை போதும். அந்தக் கட்டளை 'சரி' என்று சொன்னால் உண்மையில் என்ன சொல்கிறது என்பதில்தான் மென்பொருள் உலகம் நாற்பது ஆண்டுகளாகப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.

பேட்ச் கோப்பு எளிமையானது. எந்தக் கோப்பில், எந்த வரிக்கு அருகே, எதை எடுக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்பதே அதில் இருக்கும். எடுக்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன்னால் கூட்டல் குறி. இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் 'டிஃப்' நிரல் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியது; 1974இல் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அந்த வேறுபாட்டை எடுத்துப்போய் இன்னொருவரின் கோப்பில் ஏற்றுவதற்கென்று 'பேட்ச்' என்ற நிரலை 1985இல் யூஸ்நெட்டில் வெளியிட்டவர் லாரி வால். இரண்டு ஆண்டு கழித்து பெர்ல் மொழியைத் தந்தவரும் அவரே.

வாலின் நிரலுக்கு முன் வரி எண்ணை நம்பித்தான் எல்லாம் நடந்தது. வாங்குபவரின் கோப்பில் யாரோ மேலே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், திருத்தம் பக்கத்து வரியில் போய் உட்கார்ந்துவிடும். வால் வரி எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மாறாத வரிகளை வைத்து இடத்தைத் தேடினார். பழைய எண், புதிய எண் என்று கதவிலக்கம் குழம்பிக் கிடக்கும் தெருவில் அக்கம்பக்கத்தைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடிக்கும் தபால்காரரின் உத்திதான் இது. இன்று எல்லோரும் பார்க்கும் 'யூனிஃபைடு' வடிவம் 1990இல் வெய்ன் டேவிசன் கொண்டுவந்தது. வழக்கமாக மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி சூழல், நடுவில் மாற்றம், தலையில் இரட்டை @ குறிகளுக்கிடையே வரி எண்கள். இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் 'ஹங்க்' என்று பெயர்.

இந்தத் தேடலில் இரண்டு வகையான நெகிழ்ச்சி உண்டு. சூழல் அப்படியே இருந்து இடம் மட்டும் நகர்ந்திருந்தால், நிரல் முன்னும் பின்னும் தேடிப் பிடித்து, இத்தனை வரி 'ஆஃப்செட்'டில் ஏற்றினேன் என்று சொல்லிவிடும். இதில் ஆபத்து குறைவு. எங்கேயுமே சூழல் முழுதாகக் கிடைக்கவில்லை என்றால், ஓரத்து வரிகளை விட்டுவிட்டு மறுபடி தேடும். முதலில் மேலும் கீழும் ஒவ்வொரு வரி, அப்புறம் இரண்டிரண்டு வரி. இதற்குப் பெயர் 'ஃபஸ்'. க்னூ பேட்ச்சில் அதன் இயல்பு உச்சம் 2. மூன்று வரிச் சூழலில் இரண்டை விட்டால் மிஞ்சுவது பக்கத்துக்கு ஒரு வரி. அந்த ஒரு வரி வெறும் மூடும் அடைப்புக்குறியாக இருந்துவிட்டால்? சி மொழிக் கோப்பில் அப்படிப்பட்ட வரிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

ஒரே மாதிரி வரிகள் அடுக்கடுக்காக வரும் நிரலில் இது கற்பனைப் பயம் அன்று. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 வெளியிடக் காரணமான பிழையை நிரலர்கள் 'கோட்டூ ஃபெயில்' என்றே அழைக்கிறார்கள். பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனையின் கையொப்பத்தைச் சோதிக்கும் செயற்கூற்றில் ஒரு சோதனை, தோற்றால் வெளியேறு; இன்னொரு சோதனை, தோற்றால் வெளியேறு என்று ஒரே சாயலில் வரிகள். அவற்றில் ஓரிடத்தில் 'வெளியேறு' என்ற வரி இரட்டித்துவிட்டது. நிபந்தனை முதல் வரிக்கு மட்டும்தான். இரண்டாவது வரி எப்போதும் ஓடும். விளைவு, கையொப்பம் சோதிக்கப்படாமலே 'எல்லாம் சரி' என்று இணைப்பு நிறைவேறியது. அந்த வரி எப்படி வந்தது என்று ஆப்பிள் சொல்லவில்லை. அதைப் பார்த்த நிரலர்கள் பலருக்கு முதலில் வந்த சந்தேகம், ஒரு மெர்ஜில் வரி இரட்டித்திருக்கும் என்பது. சந்தேகம் சரியோ தவறோ, அப்படி நடக்க முடியும் என்று அத்தனை பேருக்கும் உடனே தோன்றியதே அனுபவத்தின் சாட்சி.

அதனால் கண்டிப்பானவர்கள் ஃபஸ்ஸை ஒழித்துக்கட்டினார்கள். டெபியனின் '3.0 குவில்ட்' மூலப்பொதி வடிவத்தில் ஃபஸ் இருந்தாலே பொதி விரியாது. ஃபெடோரா பக்கம் ஆர்பிஎம் கருவியும் அதன் இயல்பு அளவைப் பூஜ்யமாக்கியது. 2005இல் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டோ பிறவியிலேயே கறார். 'கிட் அப்ளை' ஆஃப்செட்டை ஏற்கும், ஃபஸ்ஸை ஏற்காது. பத்து ஹங்க்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் ஒன்றையும் தொடாது. பழைய பேட்ச் நிரல் அப்படி இல்லை. பொருந்தியதை ஏற்றிவிட்டு, பொருந்தாததை '.ரெஜ்' என்ற கோப்பில் ஒதுக்கி, பழைய கோப்பை '.ஒரிஜ்' என்று வைத்துவிட்டுப் போகும். பாதி ஏறிய மரத்தில், அந்த .ரெஜ் கோப்பையும் சேர்த்துக் கமிட் செய்த ரெப்போக்கள் எத்தனையோ உண்டு.

ஒத்திகைக் கட்டளைகள் இரண்டுக்கும் உண்டு. பேட்ச் நிரலுக்கு 'ட்ரை-ரன்', கிட் அப்ளைக்கு 'செக்'. இரண்டும் கோப்பைத் தொடாமல் விடை சொல்லும். ஆனால் இரண்டிலும் கண்ணி உண்டு. ட்ரை-ரன் ஃபஸ்ஸோடு பொருந்தினாலும் பூஜ்யத்தையே வெளியேறும் குறியீடாகத் தரும். குறியீட்டை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட்டுக்கு அது 'சுத்தம்'தான். ஃபஸ் பூஜ்யம் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் கறாராகும். ஏற்கெனவே ஏறிய பேட்ச்சைக் கொடுத்தால், தலைகீழாக ஏற்றட்டுமா என்று கேள்வி கேட்டு நிற்கும். மனிதர் இல்லாத தானியங்கிச் சோதனையில் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? அதற்கும் தனி விருப்பம் கொடுத்து வாயடைக்க வேண்டும்.

கிட்டின் கண்ணி இன்னும் நுட்பமானது. ரெப்போவின் ஒரு உட்கோப்புறைக்குள் நின்றுகொண்டு கிட் அப்ளை ஓட்டினால், அந்தக் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்புகளுக்கான மாற்றங்களை அது கண்டுகொள்ளாது. ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பேட்ச் முழுக்க வெளியே உள்ள கோப்புகளைப் பற்றியதென்றால், செக் கட்டளை ஒரு வார்த்தை பேசாமல் வெற்றியோடு முடியும். எதையும் சோதிக்காமலே தேர்ச்சி. ரெப்போவின் வேர்க் கோப்புறைக்குப் போய் ஓட்டுங்கள் என்ற ஒற்றை வரி அறிவுரை பல மணி நேரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

பொருந்தாமல் போகும் பேட்ச்களில் கணிசமானவற்றுக்கு நிரல் மாறியது காரணமே இல்லை. மின்னஞ்சல் மென்பொருள் டேப்பை ஸ்பேஸாக்கியிருக்கும், நீண்ட வரியை மடித்திருக்கும். விண்டோஸில் சேமித்த கோப்பு வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தைக் கூடச் சேர்த்திருக்கும். திரையில் இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்று. கருவி மட்டும் வேறு என்று அடம்பிடிக்கும். லினக்ஸ் கெர்னல் ஆவணங்களில் மின்னஞ்சல் மென்பொருள்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. முதலில் பேட்ச்சை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள், வந்ததைச் சேமித்து ஏற்றிப் பாருங்கள் என்பது அதில் உள்ள யோசனை. இத்தனை பெரிய திட்டத்தின் மிக மலிவான தரக்கட்டுப்பாடு இதுவாகத்தான் இருக்கும்.

பேட்ச்கள் தொடராக வந்தால் கதை வேறு. ஐந்து பேட்ச் உள்ள தொடரில் மூன்றாவது, முதலாவது சேர்த்த வரிகளுக்கு நடுவே மாற்றம் செய்வதாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரதான கிளையில் செக் செய்தால் மூன்றாவது தோற்கும். அது பேட்ச்சின் பிழையாகாது. இதற்குச் சரியான ஒத்திகை, தூக்கிப்போடக்கூடிய ஒரு தற்காலிகக் கிளையில் முழுத் தொடரையும் வரிசையாக ஏற்றிப் பார்ப்பதே. 2015இல் கிட் 2.5இல் வந்த 'வொர்க்ட்ரீ' இதற்குக் கச்சிதம். வேலை செய்துகொண்டிருக்கும் கோப்புகளைக் கலைக்காமல் பக்கத்தில் இன்னொரு மரம் கிடைக்கும். ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் கம்பைல் செய்து பார்ப்பதும் நல்லது. பின்னாளில் யாராவது 'பைசெக்ட்' போட்டுப் பிழையைத் தேடும்போது, நடுவில் கம்பைல் ஆகாத கமிட் ஒன்று இருந்தால் தேடல் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

இனி, எதன் மேல் என்ற கேள்வி. இதை வால் 1985 காலத்திலேயே யோசித்திருந்தார். பேட்ச் கோப்பில் 'ப்ரீரெக்' என்று ஒரு வரி வைத்துப் பதிப்பு எண்ணைக் குறிக்கலாம். வாங்குபவரின் கோப்பில் அந்த எண் இல்லாவிட்டால் நிரல் நின்று, தொடரட்டுமா என்று கேட்கும். கிட் உலகத்தில் அதற்கு ஈடான வசதி, பேட்ச் தயாரிக்கும்போதே அடிக்கமிட்டைக் குறிக்கும் 'பேஸ்' விருப்பம், 2016இல்தான் வந்தது. இடையில் எத்தனை ஆயிரம் பேட்ச்கள் 'இது எந்த மரத்திலிருந்து வெட்டியது?' என்ற பதில் கடிதத்தைச் சந்தித்தனவோ. தானியங்கிச் சோதனைக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. அது இல்லாவிட்டால் இயந்திரம் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் தப்பினால் நல்ல பேட்ச்சும் 'பொருந்தவில்லை' பட்டியலில் விழும்.

எந்த நேரத்தில் என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் போக்கில் தீர்த்துக்கொண்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தில் பேட்ச்கள் மின்னஞ்சலோடு இணைப்பாக வரும். 'கமிட்ஃபெஸ்ட்' என்ற பரிசீலனை மாதத்துக்காகக் காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தில் பிரதான கிளை நகர்ந்துவிடும். தாமஸ் மன்ரோ உருவாக்கிய 'சிஎஃப்பாட்' அந்தப் பேட்ச்களை எடுத்துத் திரும்பத் திரும்ப அன்றைய கிளையில் ஏற்றிப் பார்க்கிறது, கம்பைல் செய்கிறது, சோதனைகளை ஓட்டுகிறது. நேற்று பொருந்தியது இன்று பொருந்தாவிட்டால் 'ரீபேஸ் தேவை' என்று தெரிந்துவிடும். பரிசீலிப்பவர் ஒரு மணி நேரம் செலவழித்துப் பாதியில் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ட்ரூபல் திட்டத்திலும் இதே வேலையை ஒரு டெஸ்ட்பாட் பல ஆண்டுகள் செய்துவந்தது. பேட்ச் ஏறாவிட்டால் அதன் நிலையைத் தானே 'இன்னும் வேலை இருக்கிறது' என்று மாற்றிவிடும். அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை, மறுத்தது இயந்திரம்தானே.

கெர்னலில் அளவு வேறு, ஆகவே வழியும் வேறு. ஆஸ்திரேலியாவின் ஸ்டீஃபன் ராத்வெல் 2008இல் 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' என்ற மரத்தைத் தொடங்கினார். அடுத்த பதிப்புக்காகத் தயாராகும் நூற்றுக்கணக்கான கிளைகளை வேலை நாள்தோறும் ஒன்றின் மேல் ஒன்றாக மெர்ஜ் செய்து கம்பைல் செய்வதே அதன் வேலை. இரண்டு துணை அமைப்புகள் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால், டோர்வால்ட்ஸிடம் போகும் இரண்டு வார மெர்ஜ் காலத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட இருவருக்கும் மடல் போய்விடும். இங்கே ஒரு வேடிக்கை. மோதலைக் கண்டதும் பராமரிப்பாளர்கள் தாங்களே மெர்ஜ் செய்து மழுப்பி அனுப்புவதை டோர்வால்ட்ஸ் விரும்புவதில்லை. மோதல் இருக்கிறது என்று சொல்லுங்கள், தீர்ப்பது என் வேலை என்பது அவர் நிலை. போஸ்ட்கிரெஸில் மோதலின் சுமை பேட்ச் எழுதியவர் தலையில். கெர்னலின் உச்சியில் அது மரத்தை வைத்திருப்பவர் தலையில். பல திட்டங்கள் முதல் வழியைத்தான் பின்பற்றுகின்றன. நூறு பேருக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்கும் இடத்தில் அதுதான் நியாயமும்கூட. ஆனால் எங்கெங்கே மோதுகிறது என்று பார்க்கும் வாய்ப்பை அதில் மேலே இருப்பவர் இழக்கிறார்.

இதுவரை பேசியது எழுத்து மோதல். இதைவிடக் கெட்டது, எழுத்தில் மோதாமல் பொருளில் மோதுவது. ஒருவர் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்துகிறார். அதே வாரம் இன்னொருவர் புதிய கோப்பு ஒன்றில் பழைய பெயரால் அதை அழைக்கிறார். இரண்டு பேட்ச்சும் தனித்தனியே பொருந்தும், தனித்தனியே எல்லாச் சோதனைகளிலும் தேறும். இரண்டும் சேர்ந்தால் நிரல் உடையும். சி, ரஸ்ட் போன்ற மொழிகளில் கம்பைலராவது கத்தும். பைத்தானில் அந்த வரி ஓடும்வரை அமைதிதான். அது ஓடுவது வாடிக்கையாளரின் கணினியில் என்றால் நிலைமை சொல்லத் தேவையில்லை.

இது அபூர்வம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. யூரி ப்ருன், ரீட் ஹோம்ஸ், மைக்கேல் எர்ன்ஸ்ட், டேவிட் நாட்கின் நால்வரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது திறமூலத் திட்டங்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தார்கள். மெர்ஜ்களில் ஏறத்தாழ 16 விழுக்காடு எழுத்திலேயே மோதின. ஒன்பதில் மூன்று திட்டங்களை மட்டும் ஆழமாகப் பார்த்தபோது, 'சுத்தம்' என்று கருவி சொன்ன மெர்ஜ்களில் மூன்றில் ஒரு பங்கு கம்பைல் ஆகாமலோ சோதனையில் தோற்றோ போயின. எல்லாத் திட்டத்துக்கும் இதே விகிதம் வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கருவியின் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை இது காட்டிவிடுகிறது.

இதற்குத் தீர்வு, கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். பேட்ச்சைச் சோதிக்காதீர்கள், பேட்ச் சேர்ந்த பிறகு பிரதான கிளை எப்படி இருக்குமோ அதைச் சோதியுங்கள், தேறினால் அதையே பிரதான கிளையாக்குங்கள். ரஸ்ட் மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் இதற்கு, 'இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை' என்று கேலியாகவே பெயர் வைத்தார். ரஸ்ட்டில் இந்த வேலையைச் செய்யும் தானியங்கியின் பெயர் 'போர்ஸ்'. ஓபன்ஸ்டாக் திட்டத்தின் 'ஸூல்' 2012இலிருந்து இதையே பெரிய அளவில் செய்தது. கிட்ஹப் 'மெர்ஜ் க்யூ' என்ற பெயரில் 2023 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

சாதாரணமாகத் தோன்றுவதற்குச் செலவு உண்டு. ஒரு முழுச் சோதனைக்கு இரண்டு மணி நேரம் என்றால், ஒவ்வொன்றாகச் சோதித்தால் நாளைக்குப் பன்னிரண்டு பேட்ச்தான் உள்ளே போகும். ரஸ்ட்டில் இதற்காகச் சிறு மாற்றங்கள் பலவற்றை 'ரோல்அப்' என்று ஒரே கட்டாக்கிச் சோதிக்கிறார்கள். கட்டு தேறினால் நேரம் மிச்சம். தோற்றால் எது குற்றவாளி என்று பிரித்துத் தேடும் வேலை. ஸூல் இன்னொரு வழியில் போகிறது. வரிசையில் முன்னால் நிற்பவை எல்லாம் தேறிவிடும் என்று நம்பி, அடுத்தவற்றை அவற்றின் மேலேயே ஏற்றி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதிக்கும். நடுவில் ஒன்று தோற்றால் அதைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்றவற்றை மறுபடி முதலிலிருந்து ஓட்டும். கணினி நேரம் வீணாகும், மனித நேரம் மிஞ்சும். மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு திட்டத்துக்கு இதெல்லாம் அதிகப்படி. கமிட்டுக்குச் சற்று முன் பிரதான கிளையை இழுத்து, மறுபடி ஏற்றி, சோதனையை ஓட்டினால் அவர்களுக்குப் போதும். பலர் செய்யத் தவறுவது அந்த 'மறுபடி'யைத்தான். திங்களன்று பார்த்துவிட்டு வியாழனன்று கமிட் செய்வார்கள்.

பொருந்தி, கம்பைலாகி, ஓடவும் செய்து, அப்படியும் நாசம் விளைவித்த பேட்ச்சுக்கு டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் கதையை மிஞ்சியது இல்லை. 2006இல், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கைகளைப் போக்க, டெபியன் தன் பொதியில் இரண்டு வரிகளை விலக்கியது. அவற்றில் ஒன்று, ரகசியச் சாவிகளுக்கான தற்செயல் எண்களுக்கு ஆதாரமே ஊட்டிய வரி. அதற்குப் பின் உருவான சாவிகளில் வேறுபாட்டுக்கு மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். அதில் 32,768 சாத்தியங்களுக்கு மேல் இல்லை. 2008 மே மாதம் குட்டு வெளிப்படும்வரை அந்தப் பேட்ச் ஒவ்வொரு பொதிவெளியீட்டிலும் குறையின்றி ஏறிக்கொண்டிருந்தது. ஃபஸ் இல்லை, மோதல் இல்லை, புகாரும் இல்லை.

இப்போது பேட்ச் எழுதும் கூட்டத்தில் மொழி மாதிரிகளும் சேர்ந்துவிட்டன. மாற்றத்தின் உள்ளடக்கத்தை ஓரளவு சரியாக எழுதிவிட்டு, ஹங்க் தலையில் போட வேண்டிய வரி எண்ணிக்கையில் தப்புவது அவற்றின் வழக்கம். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் கிட் அப்ளை 'கெட்டுப்போன பேட்ச்' என்று தள்ளிவிடும். 'எய்டர்' என்ற கருவி வரி எண்களே வேண்டாம் என்று மாதிரியிடம் சொல்லிவிட்டு, சூழல் வரிகளை வைத்து இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது. லாரி வாலின் யோசனைதான், எழுதுபவர் மட்டும் மாறியிருக்கிறார்.

பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட 'எஸ்டபிள்யூஇ-பெஞ்ச்' என்ற தேர்வில் 12 பைத்தான் ரெப்போக்களிலிருந்து எடுத்த 2,294 கணக்குகள் இருந்தன. மாதிரி தரும் பேட்ச் பொருந்துகிறதா, பொருந்திய பின் பிழை தீர்ந்ததா என்று முடிவுகளை இரண்டு தனித்தனி நெடுவரிசைகளில் போட்டார்கள். கிளாட் 2 கொடுத்த பேட்ச்களில் 43 விழுக்காடு பொருந்தின. பிழையைத் தீர்த்தவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பேட்ச் வடிவத்தில் எழுதவென்றே பயிற்சி கொடுத்துத் தயாரித்த 'எஸ்டபிள்யூஇ-லாமா' பொருந்துவதில் அதையும் தாண்டியது. அதன் 13 பில்லியன் அளவு மாதிரியின் பேட்ச்களில் பாதிக்கு மேல் சிக்கலில்லாமல் ஏறின, தீர்த்தவை 0.7 விழுக்காடு. அதற்குப் பின் வந்த மாதிரிகள் இரண்டாவது நெடுவரிசையில் வெகுதூரம் முன்னேறிவிட்டன. தேர்வு தொடங்கும் இடம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் அடிக்கமிட் குறித்துவைக்கப்பட்டு, அந்தக் கமிட்டின் மேல்தான் பேட்ச்சை ஏற்றிப் பார்க்கிறார்கள்.